ஜீன் ஃப்ளோ: மரபணு ஓட்டமா, மரபணு வரத்தா?

அன்பின் குழுமத்தாருக்கு,

> ஜீன் ஃப்ளோவுக்கு ‘மரபணு ஓட்டம்’, ஜெனெடிக் டிரிஃப்டுக்கு ‘மரபணு நகர்வு’ என்றே இருக்கட்டுமே. பழகிய சொற்கள்தாமே?

பழகியவைதாம். ஆனால் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஓட்டத்துக்கும் நகர்வுக்கும் வேகத்தில்தான் வேறுபாடு. ஜீன் ஃப்ளோவில் ஒரு கூட்டத்தின் மரபணு இன்னொன்றுக்குப் போய்ச் சேர்கிறது; டிரிஃப்டில் எதுவுமே இடம்பெயர்வதில்லை. சிறிய கூட்டத்தில் எந்த மரபணு அடுத்த தலைமுறைக்குத் தப்பும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது, அவ்வளவே.

நான் எழுதிவரும் கட்டுரையில் இதுதான் காலை வாரியது. டென்மார்க்கின் அல்கான் நீலப் பட்டாம்பூச்சி பற்றியது. அதன் புழு ஜென்ஷியன் செடியிலிருந்து கீழே விழும். மிர்மிகா எறும்புகளின் உடல்மணம் அதன் மேலும் வீசும். எறும்புகள் ஏமாந்து புற்றுக்குத் தூக்கிப்போய்த் தம் குஞ்சுபோல ஊட்டி வளர்க்கும். ஓம்புயிரி, அதாவது புழுவை வளர்க்கும் எறும்பு, இரண்டு இனம்: ரூப்ரா, ருகினோடிஸ். 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, ரூப்ரா கூட்டங்கள் மரபளவில் இடத்துக்கு இடம் வேறுபட்டவை. ருகினோடிஸ் எல்லாம் ஒன்றாகக் கலந்துகிடப்பது. எறும்பு மணத்தை மாற்ற, புழுவும் அதற்கேற்ப மாற்ற என்று நடக்கும் பந்தயம் ரூப்ராவோடுதான். ருகினோடிஸில் ஓரிடத்தில் எதிர்ப்பு முளைத்தாலும், புழுவையே காணாத இடங்களின் மரபணு வந்து கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும்.

இந்த ‘வந்து கலப்பது’தான் ஜீன் ஃப்ளோ. அதற்கு ‘மரபணு வரத்து’ என்கிறேன். ஏரிக்கு நீர்வரத்து, சந்தைக்குத் தக்காளி வரத்து என்கிறோம்; வெளியிலிருந்து வந்து சேர்வது. எறும்பு ராணி பறந்து வந்தால் மட்டும் போதாது, அதன் சந்ததி இங்கே கலந்தால்தான் வரத்து. ‘வரத்தற்ற கூட்டம்’ என்றும் எளிதாகச் சொல்லலாம். (‘ஒட்டுண்ணியின் ஓட்டம்’ என்று மேடையில் நாலு தடவை சொல்லிப்பாருங்கள்!)

பான்மிக்சியாவுக்கு, அதாவது ருகினோடிஸ்போல எல்லாம் ஒன்றாகக் கலந்துகிடக்கும் நிலைக்கு, ‘முழுக்கலப்பு’ போதும். டிரிஃப்டுக்கு, ரேண்டம் என்பதற்கு இலங்கைப் பாடநூல்கள் ஆளும் ‘எழுமாற்று’ என்பதைக் கொண்டு ‘எழுமாற்றுச் சாய்வு’ எனலாமா?

——

மறுமொழி:

ஐயா, வரத்து பிடித்திருக்கிறது. ஆனால் மரபணு இருபக்கமும் போய்வருமே, வரத்து ஒருவழி அல்லவா?

‘சாய்வு’ வேண்டாம். வடக்கிலிருந்து தெற்கே போகப்போக ஒரு மரபணுவின் விகிதம் படிப்படியாக மாறுமே, அந்தக் கிளைனுக்கு அதை விட்டுவையுங்கள். உங்கள் மடலிலேயே நல்ல சொல் இருக்கிறது: ‘மரபணுக் குலுக்கல்’.

——

மறுமொழி:

ஒரு கூட்டத்தின் போக்கு இன்னொன்றின் வரத்து. எந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அதன் பக்கம் நின்று சொன்னால் போதும். குலுக்கலை நான் கவனிக்கவே இல்லை, எடுத்துக்கொள்கிறேன். சீட்டுக்கட்டைக் ‘கலைப்பது’ ரீகாம்பினேஷனுக்கு (தாய்தந்தை வழி மரபணுக்கள் புதுவிதமாகச் சேர்வதற்கு) ஆகுமா என்று தனி இழையில் கேட்கிறேன்.