மோட் ஃபைலை ஆன்டிவைரஸ் முழுங்கினது: எந்த கேம், எந்த ஃபைல், எப்படிச் சரியாச்சு?

டிஎல்எல்_தேடி

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் 1.6.1170, அதுக்கான எஸ்கேஎஸ்இ 2.2.6 (பல மோட்கள், அதாவது கேமை மாத்துற கூடுதல் ஃபைல்கள், ஓடறதுக்கு இது வேணும்). விரிச்சு கேம் ஃபோல்டர்ல போட்டதும் லோடர் எக்ஸ்இ-யோட ஐகான் வரும், ஒரு நொடி நிக்கும், அப்படியே காணாமப் போகும். பாப்அப் இல்லை, சத்தம் இல்லை. அந்த ஒரு நொடிதான் இந்த இழையைத் தொடங்க வைக்குது, ஏன்னா பாதிப் பேர் அதைப் பார்க்காமலே "எஸ்கேஎஸ்இ வேலை செய்யலை"ன்னு கேட்டு வர்றாங்க.

டிஃபெண்டர் (விண்டோஸோட கூடவே வர்ற ஆன்டிவைரஸ்) வெச்சிருக்கவங்க பார்க்க வேண்டிய இடம்: விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், புரொடெக்ஷன் ஹிஸ்டரி. பேரைக் குறிச்சுக்கோங்க. வாகடாக்.பி!எம்எல் மாதிரி கடைசியில "!எம்எல்" வந்தா அது மெஷின் லேர்னிங் போட்ட ஊகம். தெரிஞ்ச வைரஸோட அச்சு அசல் பொருந்திப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. சுத்தம்னும் அர்த்தம் இல்லை. எஸ்கேஎஸ்இ லோடர் என்ன பண்ணுது? ஸ்கைரிமைத் தொடங்கி, ஓடுற புராசஸுக்குள்ள தன் டிஎல்எல்-ஐ, அதாவது புரோகிராம் ஏத்திக்கிற கோடு ஃபைலை, திணிக்குது. பாஸ்வேர்டு திருடுற பல புரோகிராம்களும் அதே வழியிலதான் உள்ள போகும். சந்தேகப்படுறதுல தப்பே இல்லை.

ரீஸ்டோர் மட்டும் கொடுத்தா அடுத்த ஸ்கேன்ல திரும்பவும் மாட்டலாம். முதல்ல கேம் ஃபோல்டருக்கு எக்ஸ்க்ளூஷன் (இங்க ஸ்கேன் பண்ணாதேன்னு ஆன்டிவைரஸ்ல போடற விலக்கு), அப்புறம் அசல் தளத்துல இருந்து புதுசா டவுன்லோடு. இந்த வரிசை மாறக் கூடாது.

ராத்திரி_ஆந்தை

யூனிட்டி எஞ்சின்ல கட்டின கேம்ல இது இன்னும் மோசம், எரரே வராது. வால்ஹைம், லீத்தல் கம்பெனி, எதுவா இருந்தாலும் பெப்இன்எக்ஸ் (மோட்களை ஏத்துற லோடர்) போட்டா கேம் சமர்த்தா திறக்கும், மெனு வரும், ஒரு மோடும் இருக்காது. கருப்பு கன்சோல் விண்டோவும் வராது.

பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பெப்இன்எக்ஸ் ஃபோல்டருக்குள்ள லாக்அவுட்புட்.லாக் உருவாகியிருக்கா? இல்லைன்னா லோடர் ஓடவே இல்லை, மோடைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கேம் எக்ஸ்இ பக்கத்துல வின்ஹெச்டிடிபி.டிஎல்எல் இருக்கான்னு பாருங்க. அதைத்தான் தூக்கியிருக்கும்.

காரணம்: விண்டோஸ் பல டிஎல்எல்-களை முதல்ல எக்ஸ்இ இருக்கிற ஃபோல்டர்லயே தேடும், அப்புறம்தான் சிஸ்டம்32. அதனால சிஸ்டம் ஃபைலோட பேர்லயே ஒரு டிஎல்எல்-ஐ கேம் பக்கத்துல வெச்சா கேம் தானா அதை ஏத்திக்கும். பெப்இன்எக்ஸ் வின்ஹெச்டிடிபி பேரை எடுத்துக்குது. மத்த மோட் டூல்களும் இப்படித்தான். மெலன்லோடரும் சைபர்பங்கோட சைபர் எஞ்சின் ட்வீக்ஸும் வெர்ஷன்.டிஎல்எல். ரெட்4எக்ஸ்ட் வின்எம்எம்.டிஎல்எல். ஜிடிஏ 5 ஸ்கிரிப்ட் ஹூக்கோட வர்ற ஏஎஸ்ஐ லோடர் டிஇன்புட்8.டிஎல்எல். ரீஷேட் பெரும்பாலும் டிஎக்ஸ்ஜிஐ.டிஎல்எல். சிஸ்டம் பேரு, தப்பான இடம், டிஜிட்டல் கையெழுத்து கிடையாது. ஆன்டிவைரஸுக்கு வேற என்ன வேணும்?

தடாலடி

இதுக்கு இவ்ளோ பெரிய கதையா? ரியல்டைம் புரொடெக்ஷனை ஆஃப் பண்ணு, மோடைப் போடு, ஆன் பண்ணு. முடிஞ்சது.

எக்ஸ்பி_காலத்தவன்

தடாலடி தம்பி, முடியலை. ரெண்டு காரணம்.

ஒன்று, டிஃபெண்டரில் அந்த சுவிட்ச் தற்காலிகம்தான். கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆன் ஆகிவிடும், ரீஸ்டார்ட் செய்தாலும் அப்படியே. ஆன் ஆன பிறகு கேம் அந்த டிஎல்எல்-ஐத் திறக்கும் கணமே மறுபடி ஸ்கேன் நடக்கும். போட்ட அன்று ஓடும், மறுநாள் ஓடாது. அப்புறம் "அப்டேட் மோடை உடைத்துவிட்டது" என்று இங்கே வந்து புலம்பல்.

இரண்டாவதுதான் முக்கியம். அணைத்துவிட்டுப் போட்டால் எந்த ஃபைல் எந்தப் பெயரில் பிடிபட்டிருக்கும் என்ற தகவலே கைக்கு வராது. 2015-இல் ஜிடிஏ 5-க்கு வந்த ஆங்க்ரி பிளேன்ஸ், நோகிளிப் ஆகிய இரண்டு மோட்களும் வேலை செய்த மோட்கள்தான். விமானம் துரத்தும், சுவர் வழியே போகலாம், எல்லாம் சரி. கூடவே ஃபேட்.எக்ஸ்இ என்ற திருட்டு புரோகிராமும் உள்ளே இறங்கியது. மாட்டியது எப்படி? ஜிடிஏ ஃபோரம் உறுப்பினர் ஒருவர் டாஸ்க் மேனேஜரில் சிஎஸ்சி.எக்ஸ்இ, அதாவது சி ஷார்ப் கம்பைலர், காரணமே இல்லாமல் பின்னணியில் ஓடுவதைக் கவனித்தார்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் ஆகிய தளங்களில் மைன்கிராஃப்ட் மோட்கள் வழியாக ஃப்ராக்சரைசர் என்ற வைரஸ் பரவியது. ஒரு ஜார் ஃபைலில் (மைன்கிராஃப்ட் மோட்கள் வரும் வடிவம்) நுழைந்தால் கம்ப்யூட்டரில் உள்ள மற்ற ஜார் ஃபைல்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸில் அதன் தடம்: லோக்கல் ஆப்டேட்டாவுக்குக் கீழே "மைக்ரோசாஃப்ட் எட்ஜ்" என்று நடுவில் இடைவெளி விட்ட ஒரே ஃபோல்டர், உள்ளே லிப்வெப்ஜிஎல்64.ஜார். உண்மையான எட்ஜ் பிரவுசர் இருப்பது மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் எட்ஜ் என்ற தனி ஃபோல்டரில். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று ஸ்லே தி ஸ்பையருக்கான டவுன்ஃபால் மோடின் ஸ்டீம் பக்கம் கைப்பற்றப்பட்டு, எப்சிலான் என்ற தகவல் திருடி அப்டேட்டாகவே போய்ச் சேர்ந்தது. அசல் மோட், அசல் தளம், அசல் பக்கம்!

ரீட்மீயில் "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று நல்லவனும் எழுதுவான், திருடனும் எழுதுவான். அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தடாலடி

சரிண்ணே, கோவிச்சுக்காதீங்க. அப்ப கேம் ஃபோல்டருக்கு எக்ஸ்க்ளூஷன் போட்டும் ஃபைல் காணாமப் போகுதே, அது ஏன்?

குதிரைவால்

ஏன்னா மோட் நேரா கேம் ஃபோல்டருக்குப் போறதில்லை. மோட் மேனேஜர் (மோட்களைப் போட, நீக்க உதவுற புரோகிராம்) வெச்சிருந்தா முதல்ல அதோட டவுன்லோட்ஸ் ஃபோல்டர், அங்கிருந்து விரிச்சு ஸ்டேஜிங் ஃபோல்டர் (விரிச்ச மோட்களை மேனேஜர் வெச்சிருக்கிற இடம்), கடைசியிலதான் கேம். நடுவழியிலயே தூக்கிட்டா கேம் ஃபோல்டர் எக்ஸ்க்ளூஷன் எதுக்கு ஆகும்? வோர்ட்டெக்ஸ் மேனேஜர்ல செட்டிங்ஸ், மோட்ஸ் பக்கத்துல ஸ்டேஜிங் ஃபோல்டர் பாதை இருக்கும், அதையும் பட்டியல்ல சேருங்க.

வோர்ட்டெக்ஸ்னதும் எரிச்சலா வர்றது அந்த "எக்ஸ்டர்னல் சேஞ்சஸ்" பெட்டி. வோர்ட்டெக்ஸ் வழக்கமா ஹார்டுலிங்க் போடும், ஒரே ஃபைலுக்கு ரெண்டு இடத்துல பேரு. ஆன்டிவைரஸ் கேம் பக்கத்துல இருக்கிற பேரை நீக்கினதும், அடுத்த முறை டிப்ளாய் (மோட்களை கேம் ஃபோல்டர்ல பொருத்துறது) பண்றப்ப இந்த ஃபைலை யாரோ அழிச்சிருக்காங்க, அழிச்சதை ஏத்துக்கவா, திரும்ப வைக்கவான்னு கேக்கும். சேவ்னு இருக்கே, நல்லதுதானேன்னு அதை அழுத்தினா ஸ்டேஜிங்ல இருக்கிற காப்பியும் காலி. மோட் பட்டியல்ல "எனேபிள்டு"ன்னு பச்சையா நிக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. ரிவர்ட்தான் கொடுக்கணும், அதுவும் எக்ஸ்க்ளூஷன் போட்டதுக்கு அப்புறம்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: பிரவுசரோட டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ மொத்த டிரைவையோ எக்ஸ்க்ளூட் பண்றது. திருடன் வந்து இறங்குற வாசலே அதுதான்.

மேகமூட்டம்

எம்ஓ2-ல (மோட் ஆர்கனைசர் 2, இன்னொரு மேனேஜர்) ஃபைலே போகலைங்க, எல்லாம் இருந்த இடத்துலயே இருந்தது, ஆனா கேம்ல ஒரு மோடும் இல்லை. அது வேற நோய். எம்ஓ2 கேம் ஃபோல்டர்ல எதையும் காப்பி பண்ணாது. யுஎஸ்விஎஃப்எஸ்-னு ஒண்ணு கேமுக்குள்ள புகுந்து, டேட்டா ஃபோல்டரைப் படிக்கிறப்ப மோட்ஸ் அங்கயே இருக்கிற மாதிரி காட்டும். சில வெளி ஆன்டிவைரஸ்கள் இந்த ஊடுருவலை மட்டும் சத்தமில்லாம தடுத்துடும். ஹிஸ்டரியில ஒரு வரிகூட வராது.

சோதனை சுலபம். எம்ஓ2-வோட எக்ஸ்புளோரர்++ கூடவே வருது. வலது பக்கப் பட்டியல்ல அதைத் தேர்ந்தெடுத்து ரன் கொடுங்க. அதுல டேட்டா ஃபோல்டருக்குள்ள மோட் ஃபைல்கள் தெரிஞ்சா யுஎஸ்விஎஃப்எஸ் உயிரோட இருக்கு, சிக்கல் வேற எங்கயோ. சாதாரண எக்ஸ்புளோரர்ல பார்க்கிற மாதிரி வெறுமையா இருந்தா தடுக்கிறாங்க. ஃபோல்டர் எக்ஸ்க்ளூஷன் மட்டும் போதாது, எம்ஓ2 எக்ஸ்இ-யையும் கேம் எக்ஸ்இ-யையும் புராசஸ் விலக்குல, இல்லைன்னா "நம்பகமான ஆப்" பட்டியல்ல சேர்க்கணும்.

பழைய_பென்டியம்

சிம்ஸ் 4. மோட்ஸ் ஃபோல்டர் டாக்குமெண்ட்ஸுக்குள்ள இருக்கு பாருங்க, அங்கதான் வினை. கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் (விண்டோஸோட ரான்சம்வேர் தடுப்பு) ஆன்ல இருந்தா டாக்குமெண்ட்ஸ்ல எழுத முயற்சி பண்ற தெரியாத எக்ஸ்இ-யை விடாது. இன்ஸ்டாலர் "ஃபைல் கிடைக்கவில்லை"ன்னு சம்பந்தமே இல்லாத எரர் காட்டும். ரான்சம்வேர் புரொடெக்ஷன் பக்கத்துல "அலோ அன் ஆப்" பட்டியல் தனியா இருக்கு, இன்ஸ்டாலரை அங்கதான் சேர்க்கணும். ஸ்கைரிமோட சேவ், ஐஎன்ஐ ஃபைல்களும் டாக்குமெண்ட்ஸ்லதான், அவங்களும் கவனிங்க.

ஆனா எல்லாத்தையும் ஆன்டிவைரஸ் தலையில கட்டாதீங்கப்பா. சிம்ஸ் 4-க்கு பேட்ச் வந்தா கேமே மோட்ஸை ஆஃப் பண்ணிடும், ஆப்ஷன்ஸ்ல போய் ஸ்கிரிப்ட் மோட்ஸையும் சேர்த்து திரும்ப டிக் பண்ணணும். ஸ்கிரிப்ட் ஃபைல் மோட்ஸுக்குள்ள ஒரே ஒரு சப்ஃபோல்டர் ஆழம் வரைதான் போகலாம், அதுக்குக் கீழ போட்டா கேம் படிக்காது.

இனி யாரும் கேட்காத அறிவுரை. ஃபைலை நம்பறதுக்கு முன்னாடி வைரஸ்டோட்டல்ல (பல ஆன்டிவைரஸ்களை வெச்சு ஒரு ஃபைலைச் சோதிக்கிற தளம்) போடறீங்க, நல்லது. ஆனா "70-ல 4 சிவப்பு, ஐயோ"ன்னும் "4 தானே"ன்னும் எண்ணிக்கிட்டு நிக்காதீங்க, பேரைப் படிங்க. ஜெனரிக், ஹியூரிஸ்டிக், எம்எல், ரிஸ்க்வேர், ஹேக்டூல் மாதிரி மொட்டையான பேர்னா ஊகம். பைஇன்ஸ்டாலர்ல கட்டின எக்ஸ்இ, ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்ட், யுபிஎக்ஸ்ல சுருக்கினது எல்லாம் இப்படித்தான் மாட்டும். நாலு கம்பெனி சேர்ந்து ஒரே குடும்பப் பேரைச் சொன்னா, அதுவும் ஸ்டீலர் (தகவல் திருடி)னு சொன்னா, டெலிட் பண்ணிட்டுப் போங்க. பாஸ்வேர்டு போட்ட ரார், ஜிப்பை அது உள்ள திறந்து பார்க்காது, அதனால "ஒருத்தரும் பிடிக்கலை"ன்னு வந்தா செல்லாது. பாஸ்வேர்டு போட்டு மோட் கொடுக்கிறவன்கிட்ட முதல் கேள்வியே ஏன்னுதான். விரிச்சு, உள்ள இருக்கிற டிஎல்எல், எக்ஸ்இ-யைத் தனித்தனியா போடுங்க. 650 எம்பி-க்கு மேல ஏத்த முடியாது, ஆனா டெக்ஸ்சர் மூட்டையை ஏத்த வேண்டிய அவசியமும் இல்லை.

ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரியான எண்) எடுக்க கமாண்ட் எல்லாம் வேண்டாம். 7-ஜிப் இருந்தா ரைட் கிளிக், சிஆர்சி எஸ்ஹெச்ஏ, எஸ்ஹெச்ஏ-256. விண்டோஸ் 11-ல தெரியலைன்னா "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" உள்ள இருக்கும். மோட் எழுதினவர் அதைப் போட்டிருந்தா ஒத்துப் பாருங்க. இல்லைன்னாலும் அந்த எண்ணை வைரஸ்டோட்டல் தேடல்ல ஒட்டினா, வேற யாராவது ஏற்கெனவே ஏத்தியிருந்தா முதல்ல எப்ப வந்ததுன்னு தேதியோட காட்டும். ரெண்டு வருஷப் பழைய மோட்னு சொல்றாங்க, ஃபைல் நேத்துதான் பிறந்திருக்குன்னா கையை எடுத்துடுங்க.

எக்ஸ்பி_காலத்தவன்

பென்டியம், கடைசி வரி முழுக்கச் சரியில்லை. பிரபலமில்லாத மோடை யாருமே ஏற்றாமல் இருந்திருக்கலாம், அப்போது நீங்கள் ஏற்றும் நாள்தான் "முதல் நாள்". தேதியை மோட் பக்கத்தில் ஃபைல் எப்போது பதிவேறியது என்பதோடு சேர்த்துப் பாருங்கள். நெக்ஸஸ் மோட் தளத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் ஸ்கேன் முடிவு இருக்கிறது, அதிலிருந்தே வைரஸ்டோட்டல் பக்கத்துக்குப் போகலாம்.

கட்டுமரம்

ஜிடிஏ 5 ஸ்கிரிப்ட் ஹூக் டாட்நெட். டிஎல்எல் இருக்கு, ஹிஸ்டரி காலி, ஆனா ஸ்கிரிப்ட் லோடு ஆகலை. லாக்ல 0x80131515. ஆன்டிவைரஸா?

ராத்திரி_ஆந்தை

இல்லை. இன்டர்நெட்ல இருந்து வந்த ஃபைல்னு விண்டோஸ் குத்தின முத்திரை. டாட்நெட் ஃப்ரேம்வொர்க் அந்த முத்திரை இருக்கிற டிஎல்எல்-ஐ ஏத்த மறுக்கும். விரிச்சதை அழிச்சுடுங்க. ஜிப் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கீழ "அன்பிளாக்" டிக், ஓகே, அப்புறம் புதுசா விரிங்க. விரிச்ச பிறகு பண்ணினா ஒவ்வொரு ஃபைலா பண்ணிக்கிட்டு உட்கார வேண்டியதுதான்.

கட்டுமரம்

வேலை செஞ்சுது, நன்றி. இன்னொரு மெஷின்ல ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் தடுக்குது, எக்ஸ்க்ளூஷன் எங்க போடறது?

டிஎல்எல்_தேடி

போட இடமே கிடையாது. விண்டோஸ் 11-ல அது நம்பகமில்லாத ஆப்களைத் தடுக்கிற தனி விஷயம், ஆப் ஒவ்வொண்ணா அனுமதிக்கிற வசதி வைக்கலை. மொத்தமா ஆன் இல்லைன்னா ஆஃப். பல விண்டோஸ் பதிப்புகள்ல ஒரு தடவை அணைச்சா விண்டோஸைத் திரும்பப் போடாம ஆன் ஆகாது. பேங்க் வேலை நடக்கிற மெஷின்னா அதை விட்டுட்டு, மோடை முதல் மெஷின்லயே வெச்சுக்கோங்க.

தடாலடி

ஸ்டேஜிங் ஃபோல்டரைச் சேர்த்தேன், டிஎல்எல் நிக்குது. எஸ்கேஎஸ்இ வெர்ஷன் கேமோட ஒத்துப்போகலைன்னு இப்ப வேற எரர் வருது. கேம் 1.6.640, போட்டது 2.2.6.

டிஎல்எல்_தேடி

640-க்கு 2.2.3. பழைய பதிப்புகள் அதே தளத்துல ஆர்க்கைவ் பகுதியில இருக்கு. ஸ்டீம் ஆட்டோ அப்டேட்டை "கேம் தொடங்கும்போது மட்டும்"னு மாத்திட்டு, ஸ்டீம் வழியா இல்லாம லோடர் வழியா மட்டும் தொடங்குங்க. இல்லைன்னா அடுத்த பேட்ச்ல இதே எரர்தான்.