நாத்தனார் கடன் சொன்னா எப்படிக் கேக்குறது?

செந்தூல்காரி:
வீட்டிலேயே முறுக்கு, நெய் உருண்டை போட்டு விக்கிறேன். மலேசியாவுல வியாபாரம் பதியிற எஸ்எஸ்எம்-ல சொந்தப் பேர்ல பதிஞ்சாச்சு, வருஷம் 30 வெள்ளி (ரிங்கிட்). மாமியார்தான் மாவு பிசையிறாங்க. அவங்க கை இல்லன்னா வியாபாரமே இல்ல. ஆனா நாத்தனார் தீபாவளிக்கு 12 டப்பா எடுத்துட்டு "அப்புறம் தரேன்"னாங்க. அந்த அப்புறம் இன்னும் வரல.

பட்டர்வொர்த் அண்ணன்:
கேக்காதீங்க. இனிமே முன்பணம்னு எல்லாருக்கும் வாட்சாப்ல போட்டுடுங்க. கூட்டாளிகிட்ட கடன் வாங்கி லோரி எடுத்தேன். தவணை தள்ளிப்போச்சு, அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட கூப்பிடல. தொழிலுக்கு முதல் பணம் வேணும்னா, சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்குற அரசாங்க நிறுவனம் தெக்குன்ல, இந்தியர்களுக்கான ஸ்பூமி திட்டம் பாருங்க. கூட்டுப் பணம் (சீட்டு) வேணாம், அதைத் தொழிலா நடத்த 1971லேயே தடை.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
அது கிடக்கட்டும் லா. மாமியாருக்குச் சம்பளம் கொடுக்குறியாம்மா?

செந்தூல்காரி:
...இல்லக்கா.