‘ஆவணமற்றோர்’ என்பது போதுமா?

கல்முனையிலிருந்து:
வணக்கம். உயர்தர வகுப்புக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வதிவிட அனுமதியின்றி அயல்நாட்டில் இருப்போரைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று எழுதிவிட்டு, பிறகு தயங்கினேன். 1975 இலேயே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இத்தகைய தொழிலாளரை ‘ஆவணமற்ற’ என்று குறிக்கப் பரிந்துரைத்தது. ஆனால் 2013 இல் அவுஸ்திரேலியக் குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொரிசன், படகில் வருவோரைச் ‘சட்டவிரோத’ வருகையாளர் என்றே எழுதும்படி அதிகாரிகளைப் பணித்தார். எதைக் கொள்வது?

வந்தாறுமூலையிலிருந்து:
‘ஏதிலி’ இருக்க வேறு சொல் எதற்கு? ஏது இல்லாதவர் என்று பிரிப்பது பிற்கால உரை. குறள் 190 இல் வரும் ‘ஏதிலார்’ அயலாரையே குறிக்கிறது.

காத்தான்குடியிலிருந்து:
ஐயா, ‘ஏதிலி’ இன்று அகதிக்கு உரிய சொல்லாகிவிட்டது. 1951 இன் ஐ.நா. அகதிகள் சமவாயம் அகதிக்குத் தரும் காப்பு வேலைக்குப் போனவருக்கு இல்லை. ‘ஆவணமற்றோர்’ என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. சவூதியில் வீட்டுவேலை செய்யும் பெண்ணொருத்தி, சம்பளம் கிடைக்காமல் வெளியேறினால், கபீல் (அவளை வேலைக்கு எடுத்த பொறுப்பாளர்) ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவள், என்று முறையிட்டால் அவளுடைய இருப்பே குற்றமாகிவிடக்கூடும். கடவுச்சீட்டோ பல வேளைகளில் கபீலின் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் அவளுக்குக் ‘கல்லிவெல்லி’ (வேலையை விட்டு ஓடி, விசா இன்றி இருப்பவர்) என்று பட்டம் விழுகிறது; கபீலுக்குப் பட்டம் வைக்க எவருக்கும் தோன்றுவதில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பின், கடலையே காணாத லயத்துப் பிள்ளைகளையும் ‘கள்ளத்தோணி’ என்று ஏசிய நாடு இது; அந்த ஏச்சில் தமிழ் வாய்களும் இருந்தன. ஆகவே ‘வதிவுரிமை மறுக்கப்பட்டோர்’ என்பேன். மறுத்தவர் ஒருவர் உண்டு என்பதையாவது அச்சொல் காட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
பொருள் சரி, சொல் நீளம். மேலும், ஒருபோதும் வதிவுரிமை கேட்டிராதவருக்கு எதை மறுத்தார்கள்? ‘விசா இல்லாதோர்’ என்றால் என் வகுப்பின் கடைசி வாங்கும் விளங்கிக்கொள்ளும்.

வந்தாறுமூலையிலிருந்து:
விசா தமிழா?

அக்கரைப்பற்றிலிருந்து:
அலுமாரி தமிழா, ஐயா?

கல்முனையிலிருந்து:
அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார். தனிமடலில் எழுதியவர்களுள் பெரும்பாலோர் ‘ஆவணமற்றோர்’ என்றதால் அதையே இட்டு, கபீலின் அலுமாரியை அடிக்குறிப்பில் சேர்த்துள்ளேன்.

வந்தாறுமூலையிலிருந்து:
சங்கப் பாடல்களில் ‘ஆவணம்’ கடைத்தெருவைக் குறிக்கும். கடைத்தெரு இல்லாதவர் என்று மாணவர் எழுதினால் புள்ளி குறைக்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.