டெவலூஷன்: அதிகாரப் பகிர்வா, அதிகாரக் கையளிப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனிலிருந்து பிரிந்து தனிநாடாவதா என்று ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த பொதுவாக்கெடுப்புக்கு முந்தைய விவாதங்களைப் பற்றிய கட்டுரைக்காக, லண்டன் நாடாளுமன்றம் தன் அதிகாரங்களில் சிலவற்றை ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தரும் ஏற்பாடான ‘டெவலூஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நண்பர் தொடங்கிய இழையில், ‘அதிகாரப் பரவலாக்கம்’, ‘அதிகாரப் பகிர்வு’, ‘அதிகார ஈவு’ ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்த வாக்கெடுப்பின் மையச் சிக்கலே இச்சொல் குறிக்கும் ஏற்பாட்டில்தான் இருந்தது என்பதால், காரணங்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

‘பரவலாக்கம்’ நிர்வாகத்தைத் தலைநகரிலிருந்து மாவட்டத்துக்கும் ஊராட்சிக்கும் கொண்டு செல்வதற்கு ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். சட்டம் இயற்றும் நாடாளுமன்றம் ஒன்றை ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் நிறுவியதை அச்சொல்லால் குறிப்பது பொருந்தாது.

‘பகிர்வு’ அப்படி எளிதில் தள்ளக்கூடியது அன்று. இலங்கையில் 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தொட்டு மாகாண சபைகள் பற்றிய விவாதம் முழுவதும் இச்சொல்லிலேயே நடந்து வருகிறது. அந்த வழக்கை மாற்றச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும் பகிர்வு என்றால் இரு தரப்பும் தத்தம் பங்கை உரிமையாக வைத்திருக்கின்றன என்றே வாசகர் கொள்வார். மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துக் காட்டும் இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப் பட்டியல்களுக்கு அது பொருந்தும்; அவற்றைத் திருத்த மாநிலங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் ஒப்புதலும் தேவை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை நிறுவிய ஸ்காட்லாந்துச் சட்டம் 1998 அவ்வாறு அமைந்ததன்று. எடின்பரோ நாடாளுமன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரம் வழங்கும் அதன் 28ஆம் பிரிவே, ஸ்காட்லாந்துக்காகச் சட்டமியற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின், அதாவது லண்டனிலுள்ள பிரிட்டன் நாடாளுமன்றத்தின், அதிகாரத்தை இது பாதிக்காது என்று ஏழாம் உட்பிரிவில் சொல்லிவிடுகிறது. கொடுத்தவர் கொடுத்ததையும் தம்மிடமே வைத்திருக்கிறார் என்பதே இதன் பொருள்.

வாக்கெடுப்புக்கு முந்தைய மாதங்களில் இந்த நுட்பம் சட்ட நூல்களுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. மருத்துவச் சேவை எடின்பரோவின் பொறுப்பில் இருந்தது. ஆனால் அதற்கான பணத்தின் பெரும்பகுதி, இங்கிலாந்தின் செலவு மாற்றங்களை ஒட்டி மானியத்தைக் கணக்கிடும் பார்னெட் வாய்பாட்டின்படி லண்டன் அனுப்பும் மொத்த மானியத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் பொதுச்செலவு சுருங்கினால் ஸ்காட்லாந்தின் மருத்துவமனைகளும் அதை உணரும் என்று தனிநாட்டை ஆதரித்த ‘ஆம்’ அணியினர் ஊர் ஊராகச் சொன்னார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் யூகவ் கருத்துக்கணிப்பு ஒன்று, முடிவெடுக்காதவர்களை நீக்கிப் பார்த்தால் ‘ஆம்’ 51 விழுக்காடு என்று காட்டியது. அதன் பின் செப்டம்பர் 16 அன்று அன்றைய பிரிட்டன் பிரதமர் கேமரன், கிளெக், மிலிபாண்ட் ஆகிய மூன்று பிரிட்டன் கட்சித் தலைவர்களும் டெய்லி ரெக்கார்டு நாளிதழின் முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழியை வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலையானது, அதற்கு மேலும் விரிவான அதிகாரங்கள் வழங்கப்படும் என்றது அது. நிலையானது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்ததே, சட்டத்தில் அதுவரை அந்த நிலைபேறு இல்லை என்பதற்குச் சான்று. ‘பகிர்வு’ என்று எழுதினால், அந்த உறுதிமொழி ஏன் தேவைப்பட்டது என்பதே நம் வாசகருக்கு விளங்காமல் போகும்.

‘ஈவு’ அழகிய சொல். முதல் தம்மிடமே இருக்க விளைவில் ஒரு கூறைத் தருதல் என்னும் பொருள் ஈவுத்தொகையில் இருப்பதை நண்பர் நுட்பமாகக் கண்டிருக்கிறார். ஆனால் ஈ, தா, கொடு என்னும் மூன்றில் ‘ஈ’ இழிந்தோன் கூற்று, அதாவது தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் இரக்கும் சொல், என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தமக்கேற்ற ஆட்சிமுறையைத் தீர்மானிக்கும் இறைமை ஸ்காட்லாந்து மக்களுக்கே உண்டு என்று 1989ஆம் ஆண்டின் உரிமைப் பிரகடனம் அறிவித்தது. அந்த மக்களை இரப்போர் நிலையில் நிறுத்தும் சொல்லை நாம் தேர்வது நியாயமாகாது.

என் பரிந்துரை ‘அதிகாரக் கையளிப்பு’. முழுமையாக விட்டுக்கொடுத்தல் என்று இது பொருள்படும் என்னும் மறுப்பு எழலாம். ஆனால் வீட்டுச் சாவியைக் குடியிருப்பவரிடம் கையளித்தார் என்று எழுதும்போது, வீட்டை விற்றுவிட்டார் என்று எவரும் கருதுவதில்லை. கையாளும் உரிமை கைமாறுகிறது, உடைமை மாறுவதில்லை. தருபவரை உயர்த்தும் குரலோ பெறுபவரைத் தாழ்த்தும் குரலோ இச்சொல்லில் இல்லை.

இதிலிருந்து கிளைக்கும் சொற்களும் தடையின்றி அமைகின்றன. கல்வி, சுகாதாரம் போன்றவை ‘கையளித்த துறைகள்’. லண்டன் தன்னிடமே வைத்துக்கொண்ட (‘ரிசர்வ்டு’) பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம் முதலியவற்றை ‘ஒதுக்கிய துறைகள்’ என்று எழுதினால், இடஒதுக்கீட்டுக்குப் பழகிய நம் செவிக்கு அவை ஸ்காட்லாந்துக்கென ஒதுக்கப்பட்டவை என்ற நேரெதிர்ப் பொருளே தோன்றும். ‘தக்கவைத்த துறைகள்’ என்பதே சரி. இங்கிலாந்துடனான ஒன்றியமும் அவற்றுள் ஒன்று. அதனால்தான் வாக்கெடுப்பு நடத்துவதற்கே அச்சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ் தனி ஆணை வேண்டியிருந்தது. 2012 அக்டோபர் 15 அன்று கேமரனும் ஸ்காட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் சால்மண்டும் எடின்பரோவில் கையெழுத்திட்ட உடன்பாடு அதற்கு வழி செய்தது.

நண்பர் தனியாகக் கேட்டிருந்த ‘டெவோ மேக்ஸ்’ என்பதற்கு ‘உச்சக் கையளிப்பு’ எனலாம். பாதுகாப்பும் வெளியுறவும் போன்ற சில தவிர, வரிவிதிப்பு உட்பட ஏறத்தாழ அனைத்தும் எடின்பரோவுக்கு என்னும் இந்த மூன்றாம் வழியை வாக்குச்சீட்டில் இரண்டாம் கேள்வியாகச் சேர்க்கச் சால்மண்ட் இடம் வைத்திருந்தார். ஒரே கேள்வி என்பதில் கேமரன் உறுதியாக நின்றார். பதினாறு, பதினேழு வயதினருக்கு வாக்குரிமை அளிக்கும் முடிவு எடின்பரோவிடம் விடப்பட்டது, கேள்வி ஒன்றாயிற்று. பலர் விரும்பிய வழி சீட்டில் இல்லாமலே வாக்கெடுப்பு நடந்தது என்பதைக் கட்டுரை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 55.3 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்றதை அப்போதிருந்த ஏற்பாட்டுக்குக் கிடைத்த ஒப்புதலாக மட்டும் படிக்க முடியாது.

‘இண்டிபெண்டென்ஸ்’ குறித்து ஒரு சொல். அதற்கு ‘விடுதலை’ என்ற சொல் வேண்டாம் என்பது என் கருத்து; அது அடிமைப்பட்டிருந்த நாடு என்ற எண்ணத்தைத் தரும். ஆனால் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் இணைந்த 1707இன் ஒன்றியத்தை அன்றைய எடின்பரோ நாடாளுமன்றமும் சட்டமியற்றி ஏற்றது. அந்த ஏற்பு எவ்வளவு மனமுவந்தது என்பது வேறு விவாதம். வாக்குச்சீட்டின் கேள்வியை ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ என்று தந்து, கட்டுரையின் மற்ற இடங்களில் ‘தனிநாடு’ என்று எழுதலாம்.

‘கையளிப்பு’ இலங்கைத் தமிழில் மிகப் புழங்கும் சொல். அங்குள்ள நண்பர்கள், ‘பகிர்வு’ வேரூன்றிய சூழலில் இது குழப்பம் தருமா என்று தெரிவித்தால், சொற்பட்டியலில் சேர்க்குமுன் அதையும் கருத்தில் கொள்ளலாம்.