சுற்றுச்சூழல் புலத்தில் தொடர்பு வேலை பார்ப்பவர்கள்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மூன்றாம் மாடி

சுற்றுச்சூழல் புலத்தின் தொடர்புப் பிரிவுக்குத் தலைமை என்றால் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகை பெரிது, கூட வேலை செய்ய ஆள் இல்லை, மேலே டீன், பக்கத்தில் மத்திய மக்கள் தொடர்பு அலுவலகம், நாலு பக்கமும் கோபத்தோடு பேராசிரியர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆற்றுப் படிவில் நுண்பிளாஸ்டிக் பற்றிய கட்டுரை. மதிப்பீட்டின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே பெரிய இடைவெளி, ஏனென்றால் வளைவில் படிவது வேறு, நேர் ஓட்டத்தில் படிவது வேறு. நான் அனுப்பிய வரைவில் இரண்டு எண்ணும் இருந்தன. டீன் அலுவலகம் போய்த் திரும்பியபோது மேல் எண் மட்டும் தலைப்பில் உட்கார்ந்திருந்தது, கீழ் எண்ணைக் காணோம். "படிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்" என்று ஓரத்தில் குறிப்பு. ஆட்சேபித்து மெயில் போட்டேன், அதற்குப் பதில் வருவதற்குள் மத்திய அலுவலகம் செய்திக்குறிப்பை வெளியிட்டே விட்டது.

மறுநாள் காலை அந்த ஆய்வாளர் வந்தார். சத்தம் போடவில்லை. கட்டுரையின் வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். பட்டையின் தலையில் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் காட்டி நிற்குமே அந்தப் பிழைக்கோடு, அதன் உச்சியில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, "இந்த இடம் மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டதா சார்?" என்றார். காகிதத்தில் நகம் பதிந்துவிட்டது. வெட்டியது யார் என்று நான் சொல்லியிருக்கலாம், ஆனால் அவருடைய பதவி உயர்வுக் கோப்பு அப்போது அதே டீன் மேஜையில் இருந்தது. சொல்லிவிட்டு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? அதற்கப்புறம் அவர் கட்டுரை வெளிவந்ததையே நான் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

கார்பன் காகிதம்

மூன்றாம் மாடி, டீனை மட்டும் குற்றம் சொல்வது சரியாகப் படவில்லை. 2019ல் உலகம் முழுக்கப் பரவியதே, "வாரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக் சாப்பிடுகிறோம்" என்று? ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு செய்த மதிப்பீடு அது. கட்டுரையாக வந்தபோது அதில் இருந்த வீச்சு 0.1 முதல் 5 கிராம் வரை. அந்த 5 தான் கார்டு ஆயிற்று. பிறகு வேறு ஆய்வாளர்கள் இது மிக அதிகமான மதிப்பீடு என்று எழுதினார்கள், அதை எத்தனை பேர் படித்தார்கள்? மேல் எண்ணுக்குக் கால் முளைத்துவிடும், அது யார் கையெழுத்துப் போட்டாலும் நடக்கும்.

2014ல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வையும் பாருங்கள். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். மருத்துவத் துறைதான், ஆனால் நம் வேலையும் அதேதான். குறிப்பிலேயே மிகை இருந்தால் செய்தியிலும் மிகை வருகிறது, குறிப்பு அடக்கமாக இருந்தால் செய்தியும் பெரும்பாலும் அடக்கமாகவே வருகிறது. ஆக, நிருபரைத் திட்டுகிற நம் வழக்கத்தையும் கொஞ்சம் நிறுத்தலாம்.

என் கதை சின்னது. "2 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வு" என்று குறிப்பில் எழுதினோம். ஒரு பத்திரிகை அதையே "35.6 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வு" என்று போட்டுவிட்டது! வித்தியாசத்தை மாற்றும்போது 1.8 ஆல் பெருக்கினால் போதும், 32 சேர்க்கக் கூடாது, வர வேண்டியது 3.6. நிருபருக்கு போன் செய்தேன். "சார், நான் கால்குலேட்டரில் போட்டுத்தானே பார்த்தேன்" என்றார். பாவம், உண்மையிலேயே போட்டுத்தான் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் இன்னும் இணையத்தில் அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வரைவு

நீங்கள் இரண்டு பேரும் எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது ஆள்.

வெப்ப அலை நேரத்தில் தொலைக்காட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மத்திய அலுவலகம் நச்சரித்தது. மூத்தவர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள், கடைசியில் ஒரு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆய்வில் இருக்கும்) பெண்ணை அனுப்பினோம். அருமையாகப் பேசினார். அன்று இரவே மெயில்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஆய்வைப் பற்றி ஒரு வரி இல்லை, அவர் முகத்தைப் பற்றி, குரலைப் பற்றி, வீடு எங்கே என்று கண்டுபிடிப்போம் என்று. துறையின் பக்கத்திலிருந்து தன் மெயிலையும் அறை எண்ணையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். "எல்லா ஆசிரியர் விவரமும் பொதுவில் இருக்க வேண்டும் என்பது விதி" என்று மேலிருந்து பதில். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனேன், அறைக் கதவில் அவர் பெயருக்கு மேல் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது, செலோடேப் கோணலாக. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டினேன், "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தார்.

2009 நவம்பரில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வு மையத்து மெயில்களைத் திருடி வெளியிட்டார்களே, கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில வாரம் முன்பு. அடுத்தடுத்து விசாரணைகள், அறிவியல் மோசடி எதுவும் இல்லை என்றுதான் முடிந்தன. அந்த விசாரணைகளில் ஒன்றான, 2010 ஜூலையில் வந்த மியூர் ரஸல் அறிக்கையும் ஆய்வாளர்களின் நேர்மையில் சந்தேகம் இல்லை என்றது, ஆனால் தகவல் கேட்டவர்களிடம் வெளிப்படையாக நடந்துகொள்ளவில்லை என்று மையத்தையும் பல்கலைக்கழகத்தையும் குறை சொன்னது. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அடி விழுந்தது தனி ஆட்கள் மேல், நிறுவனம் வாய் திறக்க நாள் எடுத்துக்கொண்டது. எங்கள் இடத்திலும் அதேதான், அளவுதான் சின்னது.

பனிக்கரடி வேண்டாம்

எனக்கு நடந்தது ஒரே வரிதான்: செய்திக்குறிப்பு போன அன்று ஆய்வாளர் சிக்னலே இல்லாத இடத்தில் களப்பணியில் இருந்தார், வந்த அழைப்புக்கெல்லாம் நானே உளறிச் சமாளித்தேன்.

ஆனால் மேலே எழுதியிருப்பதைப் படித்தால் அடிப்படையே சரியில்லை என்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன். முதலில் ஒப்புதல் வரிசை. ஆய்வாளர், பிறகு டீன், பிறகு மத்திய அலுவலகம் என்று போனால் மூன்றாம் மாடிக்கு நடந்ததுதான் நடக்கும். டீன் கை வைத்த பிறகு திரும்ப ஆய்வாளரிடம் போக வேண்டும், கடைசிக் கையெழுத்து அவருடையது. டீனுக்குப் பிடிக்காது, பிடிக்காமலே இருக்கட்டும். அப்புறம் தடைநேரம், அதாவது அதற்கு முன் செய்தியை வெளியிடக் கூடாது என்று இதழ் வைக்கும் நேரம். நேச்சர் என்றால் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4, சயின்ஸ் என்றால் வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2. உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் குறிப்பின் தலையிலேயே போடுங்கள், நிருபர் கணக்குப் போட்டுக்கொள்வார் என்று விடாதீர்கள் (35.6 ஞாபகம் இருக்கட்டும்). ஆய்வாளர் ஊரில் இருக்கிறாரா, இல்லாவிட்டால் இணை ஆசிரியர்களில் போன் எடுப்பவர் யார் என்று முந்தைய நாளே கேளுங்கள். "இந்த ஆய்வு சொல்லாதவை" என்று நாலு வரி தனியாகச் சேருங்கள், நல்ல நிருபர் முதலில் படிப்பது அதைத்தான். படம் விஷயம் என் பெயரிலேயே இருக்கிறது, பனிக்கட்டியில் நிற்கும் கரடியைப் பார்த்துப் பார்த்து மக்களுக்கு அலுத்துவிட்டது, சேற்றில் கால் வைத்து நிற்கும் உங்கள் ஆய்வு மாணவரைப் படம் எடுங்கள். தொலைக்காட்சிக்குத் தனியாகச் சின்னப் பெண்ணை அனுப்பாதீர்கள், கூட ஆள் போக வேண்டும், அன்றிரவு வருகிற மெயிலை அவர் பார்க்கக் கூடாது, நீங்கள் பார்த்து வடிகட்ட வேண்டும், மிரட்டல்களை அழிக்காமல் தேதியோடு சேமித்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை வரைவு

"சின்னப் பெண்" என்று நான் எங்கேயும் எழுதவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். ஆள் கூடப் போனார், நானேதான் போனேன். மெயிலை வடிகட்ட அவருடைய கடவுச்சொல்லை நான் கேட்க வேண்டுமா? அறிவுரை எழுதுவதற்கு முன் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள்.

காற்றடிக்கும் பக்கம்

கரடி சாரின் பட்டியல் நல்ல பட்டியல்தான், பணம் கொடுப்பவர் இல்லாத உலகத்துக்கு. எங்கள் புலத்தில் ஒரு பேராசிரியர் பதவிக்கே எரிபொருள் நிறுவனம் ஒன்று நிதி கொடுக்கிறது. மீத்தேன் கசிவு பற்றி ஒரு கட்டுரை வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அப்படி வெளிப்படையாகச் சொல்லவும் மாட்டார்கள். "புது அரங்கத் திறப்பு விழா முடியட்டுமே" என்றார்கள். பிறகு "விடுமுறை முடியட்டுமே". குறிப்பு வெளியானபோது கட்டுரை பழசாகிவிட்டது, ஒருவரும் எடுத்துப் போடவில்லை. எனக்கு யாராவது "கூடாது" என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரே ஒரு தொலைக்காட்சிக் குழு மட்டும் வந்தது. ஆய்வாளரை அந்தப் புது அரங்கத்து வாசலில் நிறுத்தினேன், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது. ஒளிப்பதிவாளர் கேமரா வழியாகப் பார்த்தார், தலையைத் தூக்கி நேரில் பார்த்தார், ஒன்றும் பேசாமல் முக்காலியைத் தூக்கி இரண்டடி இடப்பக்கம் வைத்தார். திரும்பினால், ஆய்வாளர் தலைக்கு நேர் மேலே நிதி கொடுத்த நிறுவனத்தின் சின்னம், பித்தளையில். மீத்தேனைப் பற்றிப் பேசப் போகிறவர் அவர்! எனக்குத்தான் முகம் சுருங்கியது, ஒளிப்பதிவாளர் இதைவிடப் பெரிதெல்லாம் பார்த்திருப்பார் போல, மைக்கை மாட்டிக்கொண்டே "ஆரம்பிக்கலாமா மேடம்" என்றார்.

கார்பன் காகிதம், நீங்கள் சொன்ன 462 குறிப்பில் தாமதப்படுத்திக் கொன்றவை கணக்கில் வராது. மிகையை அளக்கலாம், இதை எப்படி அளப்பீர்கள்?

பனிக்கரடி வேண்டாம்

வெள்ளிக்கிழமை, மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கடவுச்சொல் வேண்டாம், தகவல் தொழில்நுட்பப் பிரிவில் சொன்னால் குறிப்பிட்ட நாட்களுக்கு வெளி மெயிலை மட்டும் வேறு பெட்டிக்குத் திருப்பி விடுவார்கள். காற்றடிக்கும் பக்கம், பேட்டி எடுக்கும் இடத்தை முந்தைய நாளே போய்ப் பார்க்க வேண்டும், நிற்கிற உயரத்தில் அல்ல, கேமரா உயரத்தில் குனிந்து. அப்புறம் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தாதீர்கள், முகம் இருட்டாக விழும்.