20 வயது எஸ்2000-க்கு இன்னொரு பத்து ஆண்டு சிஓஇ கட்டலாமா?

ஒன்பதாயிரம்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2006-ல் சிங்கப்பூரில் பதிவான ஹோண்டா எஸ்2000. முதல் சிஓஇ, அதாவது இங்கே காரைப் பத்து ஆண்டு வைத்திருக்க ஏலத்தில் வாங்க வேண்டிய சான்றிதழ், முடிந்தபோது, 2016-ல், 50,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கட்டிப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அதுவும் இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. பெரிய எஞ்சின் கார்களுக்கான பி பிரிவு ஏலத்தின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்தால் இந்த முறை பத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 120,000 வெள்ளி ஆகும். ஐந்து ஆண்டு என்றால் பாதி.

கட்டிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். 1999-ல் ஹோண்டா இந்தக் காரைக் கொண்டுவந்தபோது 1997 சிசி எஞ்சினிலிருந்து டர்போ எதுவும் இல்லாமல் 250 குதிரைத்திறன் எடுத்தார்கள். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். ஆறாயிரத்துக்குப் பக்கத்தில், வால்வுகளின் அசைவை மாற்றும் வீடெக் வேலை செய்யத் தொடங்கும்போது எஞ்சினின் குரலே வேறாகிவிடும். எஞ்சின் முழுவதும் முன் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி. ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கிய ஷிகெரு உயெஹாராதான் இதற்கும் தலைமைப் பொறியாளர். தொடக்கத்தில் என்எஸ்எக்ஸைச் செய்த தகானெசாவா ஆலையிலேயே இதையும் செய்தார்கள். 2009-ல் நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு இப்படி ஒன்றை ஹோண்டா செய்யவில்லை. இனி செய்யும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

என் கார் இன்றும் நன்றாக ஓடுகிறது. ஒரு சான்றிதழ் முடிந்துவிட்டது என்பதற்காக அதை நசுக்கக் கொடுக்க எனக்கு மனமில்லை. உங்கள் கருத்து என்ன?

கணக்கு_சரி:
அண்ணே, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். 120,000 வெள்ளியை 120 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000. இரண்டு லிட்டர் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 1,200 வெள்ளி அளவில் வரும். கார் 14 வயதைத் தாண்டிவிட்டதால் அதன்மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம். ஆக மாதம் 150. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் காரை நிறுத்தக் கூரையுள்ள இடத்துக்கு மாதம் 110. சாவியைத் திருப்புவதற்கு முன்பே 1,260 வெள்ளி போய்விட்டது. காப்புறுதி, லிட்டர் 3 வெள்ளிக்கு மேல் விற்கும் 98 ஆக்டேன் பெட்ரோல், பட்டறைச் செலவு எல்லாம் தனி.

எஸ்2000 விலை ஏறிக்கொண்டே போகிறது என்று எல்லாரும் ஜப்பான், அமெரிக்க ஏலங்களைக் காட்டுகிறார்கள். அங்கே ஏறுவது காரின் விலை. நீங்கள் இங்கே கட்டப்போவது காகிதத்தின் விலை, அது நாளுக்கு நாள் கரையும். காரைச் சேமிப்பு என்று நினைத்துக் கட்டாதீர்கள்.

இன்னொன்று. நம் விரைவுச்சாலையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். உங்கள் கார் இரண்டாவது கியரிலேயே அதைத் தாண்டிவிடும். மீதி நான்கு கியரை எங்கே பயன்படுத்துவீர்கள்?

ஒன்பதாயிரம்:
சேமிப்பு என்று நான் சொல்லவே இல்லை, தம்பி. விற்கும் எண்ணமும் இல்லை.

வேகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். இந்தக் காரின் சுகமே வேகம் குறைவாக இருக்கும்போதுதான். இன்றைய டர்போ கார்கள் 2,000 சுற்றிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுகின்றன. இதில் நாம்தான் எஞ்சினைத் தேடிப் போக வேண்டும். கியர் மாற்றும் தண்டு மிகக் குட்டை, மணிக்கட்டு அசைந்தால் போதும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூரையைத் திறந்து லிம் சூ காங் பக்கம் 60-ல் போனாலும் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறேன், மீதிக் கியர்கள் அங்கே வேலை செய்கின்றன.

பட்டறை_சேகர்:
இருபது ஆண்டாக ஹோண்டா எஞ்சின்களில் கை வைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டலாமா வேண்டாமா என்பது அப்புறம். முதலில் அந்த எஞ்சின் கட்டத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் காரில் இருக்கும் எஃப்20சி நன்றாகப் பார்த்துக்கொண்டால் கெட்டுப்போகாத எஞ்சின். ஆனால் ஒரு தவறை மன்னிக்காது. முடுக்கும்போது 9,000-க்கு மேல் போகாமல் கணினி தடுக்கும். ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்து இரண்டாவதில் போட்டுவிட்டால் சக்கரமே எஞ்சினைச் சுற்றும், அதை எந்தக் கணினியாலும் தடுக்க முடியாது. அப்படி ஒருமுறை நடந்தாலே வால்வின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னரில் விரிசல் விழலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வால்வ் உள்ளே விழும், எஞ்சின் போகும். நீங்கள் மூன்றாவது உரிமையாளர் என்றால், முந்தைய இருவர் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

எஞ்சின் போனால் மற்ற கார் மாதிரி சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டிவிட முடியாது. சிலிண்டர் சுவர் இழை கலந்த உலோகம். ஆகவே சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை, அது கசிகிறதா என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை, வால்வ் மூடியைத் திறந்து ரிட்டெய்னர் ஒவ்வொன்றையும் பார்ப்பது, டைமிங் செயின் டென்ஷனர் ஒலி, இரண்டாவது கியரை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோ. இந்த ஐந்தையும் பார்க்காமல் 120,000 வெள்ளியைக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். துணிக்கூரையின் நீர்வடியும் துளைகளையும் பாருங்கள். நம் ஊர் மழைக்கு அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் தேங்கிவிடும்.

இரட்டையர்_அப்பா:
யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

2018 பிப்ரவரியிலிருந்து இங்கே கார்களின் வளர்ச்சி விகிதம் சுழியம். பெரும்பாலும் ஒரு கார் பதிவிலிருந்து நீங்கினால்தான் இன்னொரு சான்றிதழ் ஏலத்துக்கு வரும். நீங்கள் புதுப்பித்தால் அந்த ஒரு சான்றிதழ் ஏலத்துக்கு வராது. எனக்கு ஒன்றரை வயதில் இரட்டைக் குழந்தைகள். மழையில் இரண்டு தள்ளுவண்டியோடு மருத்துவமனைக்குப் பேருந்தில் போகிறோம். இரண்டு ஆண்டாக ஏலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரும், ஞாயிறு மட்டும் ஓடும் ஒரு காருக்கு அந்த இடம் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜோகூர்க்காரன்:
கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். அப்பா சொன்னதில் ஒரு திருத்தம். எஸ்2000 பி பிரிவு. குடும்பத்துக்கு நீங்கள் தேடுவது 1,600 சிசிக்குக் கீழே, ஏ பிரிவாக இருக்கும். அந்தக் கார் போனாலும் உங்கள் வரிசை அசையாது.

அண்ணனுக்கு ஒரு யோசனை. இவ்வளவு கட்டி வைத்துக்கொள்வதென்றால் அதைக் கொஞ்சம் இன்றைய காராக மாற்றுங்கள். நல்ல காயில்ஓவர் சஸ்பென்ஷன், பெரிய பிரேக், முடிந்தால் சூப்பர்சார்ஜர். நான் என் பழைய சிவிக்கில் எல்லாம் செய்துவிட்டேன், செப்பாங்கில் புதிய கார்களோடு ஓடுகிறது.

பட்டறை_சேகர்:
இதில் நான் நேர் எதிர்ப்பக்கம். சிவிக்கில் செய்யுங்கள், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எஸ்2000-ஐ ஆலையிலிருந்து வந்தபடி விடுங்கள். இன்று உலகம் முழுவதும் மாற்றப்படாத காரைத்தான் தேடுகிறார்கள், ஏனென்றால் 2000-களில் எல்லாரும் உங்களைப் போலச் செய்துவிட்டார்கள். ஜப்பானிலேயே பெரிய நிறுவனங்கள் பழைய பாகங்களைத் திரும்பச் செய்யத் தொடங்கிவிட்டன. நிசான் 2017-ல் ஆர்32 ஜிடி-ஆருக்கு, அதன்பின் டொயோட்டா ஏ70, ஏ80 சுப்ராவுக்கு. அவர்கள் காப்பாற்ற நினைப்பது அந்த வடிவத்தை. இங்கே அரையாண்டுக்கு ஒருமுறை யாராவது சூப்பர்சார்ஜர் போட்டு உருக்கிய எஞ்சினைக் கொண்டுவருகிறார்கள். எனக்கு வருமானம்தான், ஆனாலும் வருத்தமாக இருக்கிறது.

கணக்கு_சரி:
பாகங்களைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். பாகம் கிடைக்கிறது என்பது வேறு, சரியான விலையில் நேரத்துக்குக் கிடைக்கிறது என்பது வேறு. இனி வரும் பத்து ஆண்டில் கார் 30 வயதாகிவிடும். பாதுகாப்பையும் யோசியுங்கள். முன்னால் இரண்டு காற்றுப்பை, அவ்வளவுதான். ஈரச் சாலையில் பின்பக்கம் திடீரென்று வெளியே போகும் கார் என்று அதற்குப் பெயரே உண்டு.

சரி, கட்டியே தீருவேன் என்றால் ஐந்து ஆண்டுக்குக் கட்டுங்கள். 60,000. ஐந்து ஆண்டு அனுபவித்துவிட்டு விட்டுவிடலாம். இழப்பும் பாதி.

மகிழம்பூ:
ஐந்து ஆண்டு என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பாவிடம் 1999-ல் பதிவான ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் இருந்தது. வெள்ளை நிறம், சிவப்பு இருக்கை. நானும் தம்பியும் பின்னால் முட்டியை மடக்கிக்கொண்டு உட்காருவோம். 2009-ல் சிஓஇ மலிவாக இருந்தது. பத்து ஆண்டு கட்டியிருக்கலாம். "பதினைந்து வருசத்துக்கு மேல யாரு இதை வெச்சிருக்கப் போறா" என்று ஐந்து ஆண்டுதான் கட்டினார்.

ஐந்து ஆண்டுச் சான்றிதழை மறுபடி புதுப்பிக்கவே முடியாது. 2014-ல் சிஓஇ விலை எங்கோ போய்விட்டது. ஆனால் அந்த விலையைக் கொடுக்கவும் அப்பா தயாராக இருந்தார். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டும் வழியில்லை. கடைசி ஆறு மாதம் அவர் அதை ஓட்டவே இல்லை. சனிக்கிழமை கீழே இறங்கிப் போய்த் துடைத்துவிட்டு மேலே வந்துவிடுவார். கடைசியில் ஸ்கிராப்புக்குப் போனது. கியர் குமிழ் மட்டும் இன்றும் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான் கட்டுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. ஐந்து ஆண்டு என்பது பாதி விலையில் அதே பொருள் அல்ல. அது காரின் கடைசித் தேதியை நீங்களே எழுதிக் கொடுப்பது.

கணக்கு_சரி:
சகோதரி, அது எனக்குத் தெரியும், ஆனால் இப்படி யோசித்ததில்லை. பணக் கணக்கில் நான் சொன்னது இன்னும் சரி என்றே நினைக்கிறேன்.

ஒன்பதாயிரம்:
மகிழம்பூ, நன்றி. உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டு நேற்று இரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

கணக்கு தம்பிக்கு: பத்து ஆண்டு கட்டிவிட்டு ஆறாம் ஆண்டின் முடிவில் பதிவை நீக்கினால், மீதி நான்கு ஆண்டுக்கான பங்கு திரும்ப வரும். எனவே முழுப் பணமும் முதல் நாளே போய்விடுவதில்லை. ஐந்து ஆண்டு கட்டினால் எனக்கு மிச்சமாவது 60,000, போவது பிறகு முடிவெடுக்கும் உரிமை. 35 வயது ஆனால் பழம்பெரும் வாகனத் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம் என்றாலும் கார் உயிரோடு இருக்கும். 2006-லிருந்து எண்ணினால் அது 2041. நடுவில் 2036-ல் இன்னொரு முறை கட்ட வேண்டியிருக்கும். அன்றைக்கு எனக்கு 61 வயது. முடியுமா என்று அன்று பார்ப்பேன். ஆனால் அந்தக் கதவை இன்றே சாத்த மாட்டேன்.

இரட்டையர் அப்பாவுக்கு: பிரிவு வேறு என்று சொல்லி நான் நழுவப் போவதில்லை. நம் ஊரில் இடம் குறைவு, நான் ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன் என்பது உண்மை. எங்கள் வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, ஏ பிரிவு, 2027 மார்ச்சில் அதன் பத்து ஆண்டு முடிகிறது. பழக்கத்தில் அதையும் புதுப்பிக்கத்தான் இருந்தோம். நேற்று மனைவியிடம் பேசினேன். பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள், ரயில் நிலையம் ஏழு நிமிட நடை. அதை விட்டுவிடுகிறோம். அந்தச் சான்றிதழ் ஏலத்துக்குப் போகும்.

இரட்டையர்_அப்பா:
அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேர் காருக்கு ஓர் இடம் போவது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் இரண்டில் ஒன்றை விடுவதாகச் சொன்னதற்கு நன்றி அண்ணே.

ஜோகூர்க்காரன்:
ஒரே கார் எஸ்2000 என்றால் அரிசி மூட்டை எங்கே வைப்பீர்கள்?

ஒன்பதாயிரம்:
பின்பெட்டியில் 25 கிலோ மூட்டை தாராளமாகப் போகும், வைத்துப் பார்த்துவிட்டேன்.

சேகர் அண்ணன் சொன்ன ஐந்தையும் பார்க்காமல் கட்டப்போவதில்லை. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஒன்றுபோல இருந்து, ரிட்டெய்னர்கள் நன்றாக இருந்தால் பத்து ஆண்டு. எஞ்சினுக்குள் பெரிய சேதம் தெரிந்தால், நசுக்கக் கொடுக்காமல் வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள ஏதாவது நாட்டுக்கு ஏற்றுமதி செய்துவிடுவேன். அங்கே யாராவது அதைத் திருத்தி ஓட்டட்டும். அண்ணே, இந்தச் சனிக்கிழமை நேரம் இருக்குமா?

பட்டறை_சேகர்:
இருக்கிறது. வெள்ளி இரவே வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போய்விடுங்கள். காலையில் முழுக்கக் குளிர்ந்த எஞ்சினை நான்தான் முதலில் கிளப்பிக் கேட்க வேண்டும். வரும் வழியில் எண்ணெய் ஊற்றி அளவைச் சரிசெய்யாதீர்கள், எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய பராமரிப்புச் சீட்டுகள் என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், முந்தைய உரிமையாளர்களுடையதும் சேர்த்து.