பிரெஞ்சுப் புரட்சி ஏன் 1789இல் வெடித்தது? வகுப்பறை அனுபவங்கள்

கொட்டாஞ்சேனை ஆசிரியை:

பதினோராம் தரத்தில் பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் கேட்டால் அரசியல், சமூகம், பொருளாதாரம், தத்துவஞானிகள் என்று தலைப்புகள் மளமளவென்று வரும். ஓ.எல். பரீட்சை விடைத்தாளுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. இந்த முறை குறிப்பு கொடுக்காமல் பலகையில் ஒரு கேள்வியை மட்டும் எழுதினேன்: பசியும் வரியும் காலங்காலமாக இருந்ததுதானே, பிறகேன் 1789?

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டுத் தாள். முதல் குழுவுக்குப் பாண் விலை. பாரிஸில் நாலு இறாத்தல் பாண் வழமையாக 8, 9 சூ (அக்காலப் பிரெஞ்சுச் சில்லறை நாணயம்). 1788இல் ஆலங்கட்டி மழை பயிரை அழித்து, கடுங்குளிரும் வந்த பிறகு, 1789 பெப்ரவரியில் 14½ சூ. கூலியாளின் நாட்சம்பளம் 20 முதல் 30 சூ. வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாண் என்று வைத்துப் பிள்ளைகளே கணக்குப் பார்த்தார்கள். "அப்ப வாடகைக்கு என்ன செய்வாங்க மிஸ்?" என்றான் ஒருவன். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அடுத்தது 1788ஆம் ஆண்டு அரச செலவு. கணக்கைத் திறக்க முன்பே எல்லாரும் ராணி மாரி அந்துவானெத்தின் நகை, உடுப்பு என்றார்கள். டிமை தாளில் வட்டம் கீறி, பிளாட்டிக்னம் பேனையால் நிறம் தீட்டச் சொன்னேன். மொத்தம் ஏறத்தாழ 62.9 கோடி லிவர் (20 சூ ஒரு லிவர்). அதில் அரண்மனைச் செலவு 6 வீதமளவில்தான். சிவப்பில் மெல்லிய ஒரு கீற்று. கடனும் வட்டியும் பாதி வட்டத்தை விழுங்கிவிட்டன. நீலப் பேனை வற்றிப்போய் இன்னொன்று கடன் வாங்கித்தான் தீட்டி முடித்தார்கள்.

"யாரிட்ட, எதுக்கு மிஸ் இவ்வளவு கடன்?" பெரும்பகுதி போர்ச் செலவு. அமெரிக்கக் குடியேற்றவாசிகளோடு சேர்ந்து 1778இல் பிரித்தானியாவுக்கு எதிராகப் பிரான்ஸ் இறங்கிய போரும் அதில் அடக்கம். முதல் வாரம் படித்த அமெரிக்கப் புரட்சி அப்போதுதான் அவர்களுக்குக் கைக்கு வந்தது. "பணக்காரரிட்ட வரி எடுத்திருக்கலாமே" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அடுத்த துண்டை அவளிடமே நீட்டினேன்: 1787இல் நிதிப் பொறுப்பாளர் கலோன் எல்லாருக்கும் பொதுவான நிலவரியை முன்வைத்தார், பிரபுக்களும் உயர் குருமாரும் நிறைந்த பிரமுகர் சபை இணங்கவில்லை. அடுத்த வழியாக 1614க்குப் பிறகு கூடாத மூன்று குலச் சபையை (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் சபை) 1789 மே 5இல் கூட்ட வேண்டிவந்தது. ஏன் 1789 என்பதற்கு விடை அவர்கள் வாயாலேயே வந்தது. அந்தப் பாடவேளை மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

வெள்ளவத்தை, தனியார் வகுப்பு:

டீச்சர், எங்கள் பிள்ளைகள் "பாண் இல்லாட்டிக் கேக் சாப்பிடட்டும்" கதையோடுதான் வருகிறார்கள். யார் எழுதினது, எப்போது எழுதினது என்று தேடச் சொன்னேன். தத்துவஞானி ரூசோவின் தன்வரலாற்றில் ஒரு பெரிய இளவரசி சொன்னதாக வருகிறது, பெயர் இல்லை. அந்தப் பகுதி எழுதப்பட்ட காலத்தில் மாரி அந்துவானெத் ஒஸ்திரியாவில் சின்னப் பிள்ளை. பிரான்சுக்கு வந்ததே 1770இல். இதை ஒரு முறை தாங்களே கண்டுபிடித்தால் போதும், பிறகு எந்த மேற்கோளையும் சும்மா விடமாட்டார்கள்.

தெமட்டகொடை, வரலாற்று ஆசிரியர்:

நான் உப்பிலிருந்து தொடங்கினேன். உப்பு வரி கடுமையான மாகாணங்களில் வீட்டில் எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் குறித்த அளவு உப்பு வாங்கியே ஆகவேண்டும். பக்கத்து பிரிட்டனி (Brittany) மாகாணத்துக்கு அந்த வரியே இல்லை. வரைபடத்தில் நிறம் தீட்டியதும் வகுப்பு கொதித்துவிட்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் அம்மாவோடு மண்ணெண்ணெய்க் கியூவில் நின்ற ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னாள்: "கியூவில நிண்டது பரவாயில்ல சேர். பின் கதவால கலன் போனதைக் கண்டதுதான் தாங்க முடியல்ல." சலுகை என்ற சொல்லை நான் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் 2022உம் 1789உம் ஒன்று என்று விட்டுவிடக் கூடாது. எவை பொருந்தாது என்றும் எழுதவைத்தேன். தேர்தலும் வாக்கும் முதலில் வந்தன.

அதற்குப் பிறகு முறைப்பாட்டு ஏடுகள். 1789 வசந்தத்தில் மன்னனின் அழைப்பின்படி ஊர் ஊராகக் குறைகளை எழுதிக் கொடுத்தார்கள் என்றதும் கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "எழுதச் சொல்லிப்போட்டு ஒண்டும் செய்யாட்டி, முந்தியதைவிடக் கோபம் கூடுமே?" பாடநூலின் காரணப் பட்டியலில் நான் காணாத காரணம் இது. அதைத் தனித் துண்டில் எழுதி, பாண் விலைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.

அந்த உப்பு வரி வரைபடம் தேவைப்படுகிறவர்கள் சொல்லுங்கள், தமிழில் பெயர் போட்டு வைத்திருக்கிறேன், அனுப்பிவிடுகிறேன்.